நிற்கும் இடமும் கேட்கும் காதும்



அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெக்கோரா என்றொரு சிற்றூர். அங்குள்ள லூதர் கல்லூரியின் நார்டிக் கொயரை வெஸ்டன் நோபிள் 1948 முதல் 2005 வரை நடத்தினார். பாடகர்களை வரிசையில் நிறுத்த அவர் கையாண்ட முறையை இன்று அந்நாட்டின் கல்லூரிக் குழுக்கள் பலவும் பின்பற்றுகின்றன. பார்ப்பதற்கு அது மிக எளிய முறை. சோப்ரானோ பாடுகிறவர்களை மட்டும் தனியே அழைக்கிறார்கள். இருவரை அருகருகே நிறுத்தி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் முதலடியை ஒரே சுருதியில் பாடச் சொல்கிறார்கள். பாடி முடித்ததும் இடப்பக்கம் நின்றவர் வலப்பக்கம் வருகிறார். அதே அடியை மறுபடி பாடுகிறார்கள். இரண்டு குரலும் எந்த நிலையில் நன்றாக இழைகின்றனவோ அதை வைத்துக்கொண்டு மூன்றாமவரை அழைக்கிறார்கள். அவரை இடக்கோடியில் நிறுத்திப் பார்க்கிறார்கள், வலக்கோடியில் நிறுத்திப் பார்க்கிறார்கள், நடுவிலும் நிறுத்திப் பார்க்கிறார்கள். பிரிவு முழுவதும் வரிசையில் வந்து சேரும்வரை இது தொடர்கிறது. ஆள் மாறவில்லை, பாட்டு மாறவில்லை, அறையும் அதேதான். யார் பக்கத்தில் யார் என்பது மட்டுமே மாறுகிறது. ஒரு வரிசையில் துருத்திக்கொண்டு தெரிந்த குரல் இன்னொரு வரிசையில் கூட்டத்தோடு கரைந்துவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம். பாடகர் குழுவின் வரிசை என்றால் சபைக்கு எது எந்தத் திசையிலிருந்து கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு என்றே நாம் பொதுவாக நினைக்கிறோம். பலத்த குரலைப் பின்னால் தள்ளுவது, மெல்லிய குரலை முன்னால் கொண்டுவருவது, உயரமானவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்புவது என்று நம் வழக்கங்கள் எல்லாமே கேட்பவரை மனத்தில் வைத்து உருவானவை. என் கருத்து இதற்கு நேர்மாறானது. குரல்கள் இழைவது முதலில் பாடுகிறவர்களின் காதில்தான் நடந்தாக வேண்டும். ஒருவர் நிற்கும் இடம், அவர் தம் குரலை எவ்வளவு கேட்கிறார், அடுத்தவர் குரலை எவ்வளவு கேட்கிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. எதைக் கேட்கிறாரோ அதற்கேற்பவே அவர் பாடுகிறார். ஆகவே ஒரு கொயர் மாஸ்டர் வரிசை அமைக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதுதான். எந்தக் குரலை எங்கே மறைப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தேவையே எழாது.

ஒரு பாடகரின் தலையருகே சற்று நின்று பார்ப்போம். அவருடைய குரல் அவரை இரண்டு வழிகளில் வந்தடைகிறது. ஒன்று தாடை, மண்டை எலும்புகள் வழியே உள்ளிருந்தே வருகிறது. மற்றொன்று வாயிலிருந்து வெளியேறி, காற்று வழியாகக் கன்னத்தைச் சுற்றிக் காதுக்கு வருகிறது. ஒலியின் தாழ்ந்த அதிர்வெண்கள் எல்லாப் பக்கமும் பரவுகின்றன. உயர்ந்த அதிர்வெண்கள் வாய் நோக்கும் திசையிலேயே பெரிதும் செல்கின்றன. அதனால் தம் குரலின் கூர்மையான பகுதியை முன்வரிசை ரசிகர் கேட்கும் அளவுக்கு அவர் தாமே கேட்பதில்லை. தம் குரல் எவ்வளவு வெட்டுகிறது என்பதை அறியாமலே ஒருவர் ஆண்டுக்கணக்காகப் பாடிக்கொண்டிருக்க இதுவே காரணம். இதோடு பக்கத்தில் நிற்பவரின் குரல், பின்வரிசையின் குரல், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி எல்லாம் சேர்கின்றன. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள கே.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரம் என்ற ஆய்வாளர் இந்தக் கலவையைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார். பாடகர்களின் காதருகே சிறு மைக்குகளைப் பொருத்தி, சொந்தக் குரலையும் மற்றவர் ஒலியையும் பிரித்துக் கணக்கிட்டார். 1994-இல் வெளியான அவருடைய அளவீட்டின்படி ஒரு சிறு குழுவில் பாடகர்கள் தங்கள் குரலை மற்றவர் ஒலியைவிடச் சராசரியாக 4 டெசிபெல் அளவுக்குக் கூடுதலாகக் கேட்டனர். 1999-இல், இந்த விகிதத்தைப் பாடகர்களே விருப்பம்போல் திருகி வைத்துக்கொள்ளவிட்டபோது, அவர்கள் தேர்ந்தெடுத்த சராசரி 6 டெசிபெல். ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது. மற்றவர் ஒலிக்குச் சமமாகத் தம் குரல் கேட்டால் போதும் என்றவர்களும் இருந்தார்கள், 15 டெசிபெல் கூடுதலாகத் தம் குரல் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். தோளோடு தோள் உரச எல்லோரையும் ஒரே இடைவெளியில் நிறுத்துகிற வழக்கம் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதர் என்ன செய்வார்? குரலை உயர்த்துவார். 1911-இல் பிரெஞ்சுக் காது மருத்துவர் எத்தியென் லொம்பார் விளக்கி எழுதிய இந்த இயல்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சந்தை இரைச்சலில் நாம் உரக்கப் பேசுவதும் இதனால்தான். பாடகர் குழுவில் இது சங்கிலியாகத் தொடர்கிறது. ஒருவர் உயர்த்துகிறார், அவர் பக்கத்தில் நிற்பவருக்குத் தம் குரல் கேட்காமல் போகிறது, அவரும் உயர்த்துகிறார். தொண்டை இறுகுகிறது, மூச்சு தீர்ந்துபோகிறது, சுருதி வழுவுகிறது. டெர்ன்ஸ்ட்ரமும் அவருடைய ஆசிரியர் யோஹான் சுண்ட்பெர்கும் நடத்திய சோதனைகளில், மற்றவர் ஒலி ஓர் எல்லையைத் தாண்டிப் பலமாகும்போது பாடகர்களின் சுருதித் துல்லியம் குறைந்தது. ஆனால் இந்த இயல்பு நம் கையை மீறியது என்று சொல்லிவிட முடியாது. உரக்கப் பாடும் உந்துதலுக்கு இடங்கொடுக்க வேண்டாம் என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பாடகர்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கிறார்கள் என்று டோன்கின்சன் என்ற ஆய்வாளர் 1994-இல் காட்டினார். அறிவுரை பயன் தருகிறது. ஆனாலும், அறிவுரை தேவைப்படும் நிலைமையையே உருவாக்காமல் இருப்பது அதைவிட மேல் அல்லவா?

இங்கே இடைவெளி வருகிறது. தோள்கள் தொட்டுக்கொண்டு நிற்கும் இருவரின் தலைகளுக்கு நடுவே சுமார் 45 சென்டிமீட்டர் இருக்கும். இருவருக்கும் நடுவில் 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி இடம் விட்டால் அது ஒரு மீட்டருக்குச் சற்று மேலாகிறது. தூரம் இரட்டிப்பாகும்போது நேரடி ஒலி 6 டெசிபெல் குறையும் என்ற அடிப்படை விதியை வைத்துப் பார்த்தால், அடுத்தவர் குரல் என் காதில் ஏறத்தாழ 7 டெசிபெல் தணிகிறது. அறையின் எதிரொலி இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் குறைக்கும். அப்படியிருந்தும், பாடகர்கள் தாங்களே விரும்பித் திருகிக்கொண்ட அளவை எட்டுவதற்கு ஓரடி ஈரடி விலகி நிற்பதே பெரும்பாலும் போதும். அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் டார்ட்டி 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் குழுவாகவே சோதித்தது. ஓர் உயர்நிலைப் பள்ளிக் குழுவை நெருக்கியும், பக்கவாட்டில் விலக்கியும், பக்கவாட்டோடு முன்னும் பின்னுமாகவும் விலக்கியும் பாடவைத்துப் பதிவு செய்தார். பாடிய பிள்ளைகளும், பதிவை மட்டும் கேட்டவர்களும் விலகி நின்ற ஒலியையே விரும்பினர். பாடியவர்கள் தங்கள் குரல் தங்களுக்கு நன்றாகக் கேட்டதாகவும், தொண்டையில் இறுக்கம் குறைந்ததாகவும் கூறினர்.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நான்கு பிரிவுகளையும் தனித்தனிக் கட்டாக நிறுத்துவதா, சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் கலந்து நிறுத்துவதா என்பது இசை நடத்துநர்களிடையே ஓயாத விவாதம். இந்த மாற்றத்தால் கேட்பவர்களின் விருப்பத்தில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தோள்களுக்கு நடுவே விட்ட இரண்டடி செய்ததைப் பிரிவுகளின் இடமாற்றம் செய்யவில்லை. எனவே எந்தப் பிரிவு எந்தப் பக்கம் என்பதில் நாம் செலவிடும் நேரம் மிகை என்று நினைக்கிறேன். இதில் விதிவிலக்கு உண்டு. இடத்தையே இசையின் பகுதியாக வைத்து எழுதப்பட்ட படைப்புகள் இருக்கின்றன. வெனிஸின் சான் மார்க்கோ தேவாலயத்தில் குழுக்களைத் தனித்தனி இடங்களில் நிறுத்தி ஜொவானி கப்ரியேலி எழுதியவை அப்படிப்பட்டவை. தாமஸ் டாலிஸ் 16-ஆம் நூற்றாண்டில் 40 தனிக்குரல்களுக்கு எழுதிய ஸ்பெம் இன் ஆலியும் எட்டுக் குழுக்கள், குழுவுக்கு ஐந்து குரல் என்ற கணக்கில் அமைந்தது. இவற்றில் ஒலி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதே அழகு. கலந்து நிறுத்தினால் படைப்பே குலைந்துவிடும். பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் இசையிலும் பிரிவுகள் கட்டாக நிற்பது நுழைவுகளைத் தெளிவாக்கும். சொற்கள் நான்கு குரலிலும் ஒன்றாக நகரும் சாதாரணக் கீதத்துக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை.

இனி, ஒரு பிரிவுக்குள் யார் பக்கத்தில் யார் என்ற கேள்விக்குத் திரும்புவோம். தனிப்பாடகர்களின் குரலில், குறிப்பாக ஆண் குரல்களில், 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிச்சக்தி குவியும். வாத்தியக்குழு முழங்கும்போதும் ஒரு பாடகரின் குரல் நமக்குக் கேட்பது இதனால்தான். ராசிங், சுண்ட்பெர்க், டெர்ன்ஸ்ட்ரம் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தனிப்பாட்டு, குழுப்பாட்டு இரண்டிலும் பழகிய பேஸ், பாரிடோன் பாடகர்கள் தனியாகப் பாடியபோது இந்தக் குவியல் ஓங்கியிருந்தது. குழுவில் பாடுவதுபோல் பாடியபோது அது தணிந்து, அடிச்சுரம் வலுத்தது. அதாவது நல்ல குழுப்பாடகர் தாம் கேட்பதை வைத்துத் தம் குரலின் நிறத்தையே மாற்றிக்கொள்கிறார். நோபிளின் வரிசைமுறை வேலை செய்வதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. உலோகக் கூர்மை கொண்ட இரண்டு குரல்கள் அருகருகே நின்றால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும். நடுவில் உருண்டையான, அடிச்சுரம் கனத்த ஒரு குரல் நின்றால் இரண்டு பக்கமும் தம்மைத் திருத்திக்கொள்ள ஓர் அளவுகோல் கிடைக்கிறது. சுருதி உறுதியாக இருப்பவரைத் தயங்குகிறவருக்குப் பக்கத்தில் நிறுத்துவதும் இந்த வழியில்தான் பயன் தருகிறது. இடமும் வலமும் மாற்றுவதால் ஏன் ஒலி மாறுகிறது? எல்லோருக்கும் இரண்டு காதும் ஒன்றுபோல் கேட்பதில்லை. வரிசை நீளும்போது ஒருவர் இடம் மாறினால் இருபுறத்து அண்டையரும் மாறுகிறார்கள். குழு இழைவதற்கு எல்லோரும் ஒரேமாதிரிக் குரல் கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு கொயரின் அகன்ற நாதமே, பல குரல்கள் மிக நுண்ணிய அளவில் ஒன்றுக்கொன்று விலகி ஒலிப்பதால் உண்டாவது. ஒரே குரலை எந்திரத்தில் எட்டு மடங்காக்கினால் எட்டுப் பேர் பாடுவதுபோல் அது ஒலிப்பதில்லை.

இதற்கெல்லாம் எழக்கூடிய முதல் ஆட்சேபணை நியாயமானது. உயிரெழுத்துகளை எல்லோரும் ஒரே வாயமைப்பில் உச்சரிப்பது, மூச்சு, பயிற்சி இவைதானே குழுவை இழைக்கின்றன. நிற்கும் இடம் கடைசியில் சேர்க்கும் மெருகு மட்டும்தானே என்பார்கள். உச்சரிப்பு ஒன்றுபடாத குழுவை எந்த வரிசையும் காப்பாற்றாது என்பதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உச்சரிப்பை ஒருவர் எதை வைத்துச் சரிசெய்கிறார்? ஆசிரியர் சொன்னதை வீட்டுக்குப் போகும்வரை நினைவில் வைத்திருக்கலாம். பாடும் நொடியில் துணைக்கு இருப்பது பக்கத்திலிருந்து வரும் 'ஆ'வும் 'ஓ'வும்தான். அதைத் தெளிவாகக் கேட்க முடியாதவருக்குப் பயிற்சியின் பலன் பாதியே கிட்டும். அதனால்தான் பயிற்சி முடிந்தபின் வரிசை அமைப்பதைவிட, வரிசை அமைத்தபின் பயிற்சியைத் தொடங்குவது நல்லது.

இரண்டாவது ஆட்சேபணை குரல் ஆசிரியர்களிடமிருந்து வருவது. அது கொள்கை சார்ந்தது. இழைவு என்ற பெயரில் இளங்குரல்களை ஒடுக்குகிறீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இதற்கு வரலாறு உண்டு. நார்வேயில் பிறந்த எஃப். மெலியஸ் கிறிஸ்டியான்சன் 1912-இல் மின்னசோட்டாவில் தொடங்கிய செயின்ட் ஓலாஃப் கொயர், நடுக்கமில்லாத, ஒன்றுபட்ட ஒலிக்குப் பெயர்பெற்றது. ஜான் ஃபின்லி வில்லியம்சன் 1920-இல் ஒஹையோவின் டேட்டனில் தொடங்கிய வெஸ்ட்மின்ஸ்டர் கொயர், ஒவ்வொருவரும் முழுக்குரலில் பாட வேண்டும் என்ற எதிர்த்தரப்பின் அடையாளமானது. அமெரிக்கக் குழுவிசை பல பத்தாண்டுகள் இந்த இரண்டு ஊற்றுகளிலிருந்தும் நீர் குடித்தது. விப்ராட்டோ என்ற இயல்பான குரலசைவை வலுக்கட்டாயமாக நிறுத்தச் சொல்வதும், பலத்த குரல்காரரைப் பாதிக்குரலில் முணுமுணுக்கச் சொல்வதும் தொண்டைக்குத் தீங்கு என்று குரல் ஆசிரியர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அவர்கள் கவலைக்கு விடை வரிசையில்தான் இருக்கிறது என்றே வாதிடுகிறேன். எலிசபெத் எக்ஹோம் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக எடுத்துக்கொண்டது. தேர்ந்த பாடகர்கள் அடக்கியும் பாடினார்கள், தனிப்பாடகர்போல் முழுக்குரலிலும் பாடினார்கள். கண்டபடி நின்றும் பாடினார்கள், குரல் பார்த்து அமைத்த வரிசையிலும் பாடினார்கள். இசை நடத்துநர்களுக்கு அடக்கிய குரலே பிடித்திருந்தது. பாடியவர்களுக்கு முழுக்குரல்தான் வசதியாக இருந்தது. ஆனால் குரல் பார்த்து அமைத்த வரிசை குழுவின் மொத்த ஒலியையும் தனித்தனிக் குரலையும் மேம்படுத்தியது. ஒரு பெரிய குரலை அடக்கிக் குழுவுக்குள் பொருத்துவதைவிட, அதற்கு ஏற்ற அண்டையரைத் தேடித் தருவது அந்தக் குரலுக்கும் நல்லது, குழுவுக்கும் நல்லது.

மூன்றாவது ஆட்சேபணை நம் ஊர்க் கோயில் குழுக்களில் பாடுகிறவர்களிடமிருந்து வரும்: எங்களுக்கு இடமே இல்லையே! ஆங்கிலேய மரபில் கட்டப்பட்ட நம் பழைய தேவாலயங்கள் பலவற்றில் பீடத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பாடகர் இருக்கைகள் அமைந்திருக்கின்றன. இங்கிலாந்தின் பேராலயங்களில் இந்த இரண்டு பக்கங்களுக்கும் டெகானி, கன்டோரிஸ் என்று பெயர். இரண்டும் மாறி மாறிச் சங்கீதங்களைப் பாடும். எதிரெதிர் நிற்பதால் குரலின் கூர்மையான பகுதி நேரே மறுபக்கத்தின் முகத்துக்குப் போகிறது. பாடகர்கள் ஒருவரையொருவர் கேட்பதற்கு இதைவிட நல்ல அமைப்பு அரிது. அதை நாம் வீணாக்குவது வேறு இடத்தில். கீபோர்டின் ஒலிபெருக்கியைப் பாடகர்களின் முதுகுக்குப் பின்னால் வைக்கிறோம். லொம்பார் சொன்னது அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிரிவுக்கு ஒரு மைக் வைத்து, அதை ஒருவரின் வாயருகே நிறுத்துகிறோம். மைக்குக்கு 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பவரின் குரல், 90 சென்டிமீட்டர் தள்ளி நிற்பவரின் குரலைவிட 9 டெசிபெலுக்கு மேல் கூடுதலாகப் பதிவாகும். எவ்வளவு கவனமாக வரிசை அமைத்தாலும் சபைக்குக் கேட்பது ஆல்டோவில் ஒருவர், டெனரில் ஒருவர் என்ற நால்வர் பாட்டுதான். மைக்கைப் பின்னே தள்ளி, சற்று உயர்த்தி, பிரிவு முழுவதையும் ஒரே தூரத்தில் பார்க்கும்படி வைக்கலாம். கீபோர்டின் ஒலியைப் பாடகர்களுக்கு முன்பக்கமாக, குறைத்துத் தரலாம். பின்வரிசையை ஒரு படி உயர்த்தி, முன்வரிசைத் தலைகளுக்கு நேர்பின்னால் இல்லாமல் இடைவெளிகளில் நிறுத்தலாம். இவற்றில் எதற்கும் கூடுதல் இடம் தேவையில்லை.

இடம் உண்மையிலேயே போதாவிட்டால் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கத் தயங்க வேண்டியதில்லை. குழு இரட்டிப்பானால் மொத்த ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடுகிறது; ஆனால் ஒவ்வொருவரும் தம் குரலைக் கேட்பதற்கு மீற வேண்டிய இரைச்சலும் கூடுகிறது. இசையமைப்பாளர் பாக் 1730-இல் லைப்சிக் நகரசபைக்கு எழுதிய குறிப்பில் ஒரு குழுவுக்குப் பிரிவுக்கு மூவராவது வேண்டும், நால்வர் இருந்தால் நல்லது என்றுதான் கேட்டார். நெருக்கியடித்து நிற்கும் நாற்பது பேரைவிட விலகி நிற்கும் இருபது பேர் நிறைவாக ஒலிக்கும் வாய்ப்பு அதிகம்.

தேவாலயத்துக்கு வெளியேயும் தமிழில் குழுவிசை வளர்ந்திருக்கிறது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் தம் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கொண்டு அந்த வழியைத் திறந்தார். தமிழ்ப் பாட்டைப் பல குரலில் பாடும்போது மேலைநாட்டு ஆய்வுகள் தொடாத ஒரு சிக்கல் எழுகிறது: கமகம். ஒருவர் காந்தாரத்தை அகலமாக அசைத்து, அடுத்தவர் அதைச் சுருக்கமாக அசைத்தால், சுருதி சரியாக இருந்தும் இரண்டு குரலும் பிரிந்தே கேட்கும். அசைவின் அகலத்தையும் வேகத்தையும் குறியீட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் பிடிக்க முடியும். ஆகவே யார் பக்கத்தில் யார் என்ற கேள்வி நம் இசையில் இன்னும் கூர்மையாகிறது. நோபிளின் சோதனையை நாம் செய்யும்போது எளிய அடியோடு நிறுத்தாமல், அசைவுள்ள ஓர் அடியையும் பாடவைத்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் மனப்பிரமையாக இருக்கலாமே, நன்றாக இருக்கும் என்று நம்பினால் நன்றாகத்தானே கேட்கும் என்று ஒருவர் கேட்டால், அவரையும் நான் மதிக்கிறேன். இடைவெளி பற்றிய சான்று வலுவானது. ஏனென்றால் யார் எப்படி நின்றார்கள் என்று பார்க்காமல், பதிவை மட்டும் கேட்டவர்களும் அதை உறுதிசெய்தார்கள். பக்கத்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு அத்தனை சான்று இன்னும் சேரவில்லை. ஆனால் அதைச் சோதிப்பது எந்தக் குழுவுக்கும் எளிது. வரிசையை மாற்றும்போது கொயர் மாஸ்டரும் மூத்த பாடகர் இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கட்டும். யார் எங்கே போனார் என்று தெரியாமல், எந்த வரிசை இழைந்தது என்று மூவரும் தனித்தனியே காகிதத்தில் குறிக்கட்டும். அதே இரண்டு வரிசைகளை அடுத்த வாரமும் முறை மாற்றிப் பாடவைத்து மறுபடி குறிக்கட்டும். மூவர் குறிப்பும் இரண்டு வாரமும் ஒத்துப்போனால் அந்த வரிசையை வைத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாவிட்டால் அந்த இரண்டு வரிசைகளுக்கும் வேறுபாடு இல்லை என்று தெரிந்துகொண்டு, பாடுகிறவர்களுக்கு எது வசதி என்று அவர்களையே கேட்டு முடிவுசெய்யலாம்.